பழைய மோட்டார் வண்டியின் கூரைக்கு வரப்பு மரமே போதும்

மோட்டார் வண்டியின் கூரைக்கும் விவசாயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கேட்கக்கூடும். 1935-ம் வருஷத்திற்கு முற்பட்ட மோட்டார் வண்டிகள் பலவற்றில் வெளியே தெரிவது தகடாயினும், உள்ளே அத்தகட்டையும் கூரையையும் தாங்கி நிற்பது மரமேயாகும். அம்மரம் உளுத்துவிட்டால் மாற்றுக்கட்டை தேடவேண்டியிருக்கிறது. தேடுவோர் அநேகமாய்ச் சீமை மரத்தை விரும்புகிறார்கள். அது கிடைக்காவிடில் தேக்கு என்று பெயர் சொன்ன மாத்திரத்தில் வாங்கிவிடுகிறார்கள். நெய்வேலியையும் பண்ணுருட்டியையும் சூழ்ந்த கிராமங்களில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தோட்டத்திலும் நிற்கும் பூவரசும் பலாவும் இவ்வேலைக்குப் போதுமானவை. சில அம்சங்களில் தேக்கினும் மேலானவை. அப்படியிருந்தும் அவை இவ்வேலைக்கு வந்து சேருவதில்லை. மரம் வைத்திருப்பவர் அதை நின்ற நிலையில் மொத்தமாய் விற்றுவிடுவதும், வாங்கினவர் பச்சையாகவே அறுத்துத் தள்ளுவதும் அதற்குக் காரணம்.

முதலில் இக்கூரை எப்படி அமைந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வந்த காலத்தில் வண்டியின் மேற்பாகத்தைச் செய்தவர்கள் குதிரை வண்டித் தச்சர்களே. சென்னையில் 1840-ம் வருஷத்தில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்ஸன் கம்பெனி பின்னர் மோட்டார் வேலைக்குத் திரும்பியது இதற்கு ஓர் உதாரணம். கதவுகளுக்கு மேலே இருபுறமும் நீளவாட்டில் பக்கச் சட்டம். முன் கண்ணாடிக்கு மேலே முகப்புச் சட்டம். பின்னே அதற்கு இணையான வேறொன்று. இவற்றின் குறுக்கே சற்றே வில்லாக வளைந்த வளைகட்டைகள். வளைகட்டைகளின் மேல் நீளவாட்டில் மெல்லிய ரீப்பர்கள். இதன்மேல் பஞ்சுத் திண்டும், அதற்கும் மேலே நீர் புகாதபடி பூச்சிட்ட துணியும் போட்டு, ஓரங்களைச் சிற்றாணிகளால் அறைந்து முடிப்பார்கள். கூரை முழுவதையும் ஒரே தகடாய் அழுத்தி எடுக்கும் முறையை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1935-ம் வருஷத்து வண்டிகளில் கொண்டுவந்த பிறகே இம்மரவேலை படிப்படியாய் மறைந்தது. 1957 முதல் 2014 வரையில் இந்தியாவில் உற்பத்தியான அம்பாஸடர் வண்டியின் உடல் முழுவதும் எஃகு; அதன் கூரையில் மரத்தைத் தேடவேண்டியதில்லை. இங்கே சொல்லப்படுவது அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த வண்டிகளுக்கே பொருந்தும். இத்தகைய பழைய வண்டிகள் சிலவற்றை நேரிற் காண விரும்புவோர் கோயமுத்தூரில் 2015-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூஸியத்திற்குப் போகலாம்.

ஐரோப்பியத் தச்சர்கள் இவ்வேலைக்கு ஆஷ் என்னும் மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. அது நேரிழையுள்ளது, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு முறியாமல் வளைந்து கொடுப்பது, நீராவியில் வைத்தால் நன்றாய் வளைவது, ஓரத்தில் அடித்த சிற்றாணியையும் பிளவாமல் பற்றிக்கொள்வது. இங்கிலாந்தில் மார்கன் கம்பெனி இன்றும் தன் வண்டிகளின் உட்சட்டத்தை அம்மரத்தாலேயே செய்துவருகிறது. ஆனால் ஆஷ் மரத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. ஈரத்தையும் பூச்சியையும் அது தாங்காது. குளிர்தேசத்தில் கொட்டகையில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது போதும். வடகிழக்குப் பருவமழையும் கரையானும் உள்ள கடலூர் மாவட்டத்திற்கு அதைக் கப்பலில் வரவழைப்பது எவ்வாறு புத்தியாகும்? தவிரவும் 1992-ம் வருஷத்தில் போலந்து தேசத்தில் கவனிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஐரோப்பா முழுவதும் பரவி ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்துவருகிறது. இங்கிலாந்தில் அது 2012-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அந்த மரத்தின் குணங்களைத் தெரிந்துகொண்டு, அக்குணங்கள் உள்ளூர் மரங்களில் எதில் இருக்கின்றன என்று பார்ப்பதே முறை.

கூரைச் சட்டம் கெடுவது எங்கே என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவிலிருக்கும் ரீப்பர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். துணியை அறைந்த ஆணித் துவாரங்களின் வழியாய் நீர் இறங்கும் ஓரங்களும், பக்கச் சட்டமும் முகப்புச் சட்டமும் கூடும் மூலைகளும், கதவுக்கு மேலுள்ள பாகமுமே முதலில் உளுக்கின்றன. நெய்வேலி வாசிகளுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டதும், 1956-ல் தொடங்கப்பட்ட கம்பெனி இன்றளவும் வெட்டியெடுத்து வருவதுமான பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் புதைந்த தாவரங்களின் மிச்சமேயன்றி வேறில்லை. அதில் சில துண்டுகளில் மரத்தின் இழை இன்னும் கண்ணுக்குத் தெரியும். காற்றுப் புகாமல் நீரிலும் மண்ணிலும் அமிழ்ந்த மரம் அவ்வளவு காலம் உருவழியாமல் கிடக்க, மோட்டார் கூரையின் கட்டை இருபது முப்பது வருஷங்களில் பொடியாகிவிடுகிறது. எப்போதும் உலர்ந்திருக்கும் மரத்தைப் பூஞ்சை அணுகாது. எப்போதும் நீரில் மூழ்கிய மரத்தையும் அநேகமாய் அணுகாது. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறிக் கிடப்பதே அதற்கு உணவு. கிணற்று நீருக்குள் இருக்கும் கட்டை நீடித்திருக்க, நீர்மட்டம் ஏறியிறங்கும் இடத்திலுள்ள கட்டை முதலில் கெடுவதைக் குடியானவர்கள் அறிவார்கள். ஆகையால் மூலைக் கட்டைகளுக்கு வெளிறு நீக்கிய வைரமே வேண்டும். எவ்வளவு நல்ல ஜாதி மரமானாலும் வெளிறு பாகம் விரைவில் உளுக்கும்.

தேக்கைப் பற்றி மிகைப்பட்ட நம்பிக்கை இருக்கிறது. டேராடூனில் 1906-ம் வருஷத்தில் ஏற்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மரங்களின் தரத்தைக் கணக்கிடும்போது தேக்கை நூறாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டது நியாயமே. உலரும்போது குறைவாய்ச் சுருங்குவதிலும், கோணாமல் நிற்பதிலும், கரையானைத் தாங்குவதிலும் அதற்கு நிகர் அரிது. கூரையின் பக்கச் சட்டத்திற்கும் முகப்புச் சட்டத்திற்கும் அது உத்தமமானது. ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும் வலுவில் தேக்கு முதலிடம் பெறாது. மெல்லிய வளைகட்டையாகச் செதுக்கினால் கரடுமுரடான பாதையில் முறியும் அபாயம் ஆஷ் மரத்தைவிட அதிகம். அதன் எண்ணெய்ப் பசையால் கோந்தும் எளிதில் பற்றாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டியிருக்கும். இதோடு, பத்துப் பதினைந்து வருஷத்தில் வெட்டிய தோட்டத் தேக்கில் பாதிக்குமேல் வெளிறாயிருப்பதைப் பலரும் பாராட்டுவதில்லை. அத்தகைய தேக்கு பெயரளவில் மாத்திரம் தேக்கு.

வளைகட்டைகளுக்கு உகந்தது பூவரசு. வாய்க்கால் ஓரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் யாரும் கவனியாமல் வளரும் இம்மரத்தை, இலைக்காகவும் நிழலுக்காகவும் வைத்திருப்பவர்களே அதிகம். ஆனால் பழைய வண்டித் தச்சர்கள் ஆரக்காலுக்கும் சட்டத்திற்கும் இதை விரும்பி எடுத்துவந்தார்கள். செம்பழுப்பான அதன் வைரம் நெருங்கிய இழையும் உறுதியும் உடையது; நீரைத் தாங்குவது; அடியை வாங்கி எளிதில் பிளவாதது. நீண்ட நேரான பலகை அதில் கிடைப்பது அரிது என்பதே அதன்மேல் சொல்லப்படும் குறை. மோட்டார் கூரைக்கு அக்குறையே அநுகூலமாகிறது. வளைகட்டை ஒன்று ஏறக்குறைய நான்கடி நீளமுள்ள சிறு வில். நேரான பலகையில் அவ்வில்லைக் கோடிட்டு அறுத்தால் இழை இரு முனையிலும் குறுக்கே வெட்டுப்பட்டுப் பலவீனமாகும். இயற்கையாகவே அதே அளவு வளைந்திருக்கும் அடிமரத்தை நீளவாட்டில் அறுத்தால் இழை வில்லோடு கூடவே ஓடும். படகு கட்டுவோர் வங்குக்கட்டைக்கு வளைந்த மரத்தையே தேடுவதும் இதற்காகத்தான். ஆனால் பெருங்கிளைகளின் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பக்கவாட்டில் நீண்டு பாரம் தாங்கி வளர்ந்த கிளையின் மரத்தில் இழுப்பு அதிகமாயிருப்பதால், அறுத்த பிறகும் அது முறுக்கிக்கொள்ளும். கனமான பலகையாய் அறுத்து முற்றும் உலர்த்திய பின்பே அதை அளவுக்குச் செதுக்க வேண்டும். போத்து நட்டு வளர்த்த பூவரசு நடுவில் பொந்து விழுந்துவிடுவதும் உண்டு. விதையிலிருந்து வளர்ந்ததில் நல்ல அடிமரம் எதிர்பார்க்கலாம்.

பலாவின் விஷயம் பண்ணுருட்டித் தாலூகாவாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழத்தின் விலையை அவர்கள் நன்கறிவார்கள். மரத்தின் விலையை வாங்க வருபவரே அறிந்திருக்கிறார். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாமரத்தில் செய்யப்படுகின்றன; அதற்காகப் பண்ணுருட்டிப் பக்கத்து மரத்தைத் தேடி வருகிறார்கள். நாதத்திற்காக அவ்வளவு கவனத்துடன் பொறுக்கி எடுக்கப்படும் மரம், அளவில் நிலைத்து நிற்பதிலும் உளியில் சுத்தமாய் வெட்டுப்படுவதிலும் கரையானுக்கு இடங்கொடாததிலும் எத்தகையது என்று சொல்லவேண்டியதில்லை. அது தேக்கைவிடச் சிறிது இலேசானது. கூரையின் மேலே பாரம் ஏறினால் வண்டி திருப்பங்களில் சாயும். ஆகையால் இலேசாயிருப்பது இங்கே ஒரு குணம். ரீப்பர்களுக்கும், துணியை அறைவதற்குரிய ஓரக்கட்டைகளுக்கும் பலாவின் வைரம் நன்கு பொருந்தும். வளைகட்டைக்கு அது பூவரசைப் போல வலுவுள்ளதன்று.

இம்மாவட்டத்தார் 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதியை மறந்திருக்கமாட்டார்கள். அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் ஒருசேரச் சாய்த்தது. முந்திரி விறகாய்ப் போனதில் அதிசயமில்லை. அதன் மரம் அதற்கும் பெட்டிப் பலகைக்குமே தகும். ஆனால் தகப்பன் நட்டு மகன் பலனெடுத்த பலாமரம் சாயும்போது, அதை அறுக்கவும் நிழலில் அடுக்கவும் கிராமத்தில் ஓர் ஏற்பாடும் இல்லாவிட்டால், அதுவும் விறகின் விலைக்கே போகும். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருகையில் வாங்குபவர் வைத்ததே விலை. புயலைத் தடுக்க ஒருவராலும் ஆகாது. விழுந்த மரத்தை ஆறு மாதம் வைத்திருக்கும் வசதியை உண்டாக்கிக்கொள்வது ஊரார் கையில் இருக்கிறது.

மற்ற மரங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கருவேல் மிகுந்த உறுதியுள்ளது. வண்டிச் சக்கரத்தின் வட்டைக்கு அதைப்போல் வாராது. ஆயினும் கூரைக்குப் பாரம் அதிகம், சிற்றாணி உள்ளே இறங்காமல் மடங்கும். வேம்பு பூச்சியைத் தாங்கும். ஆனால் அதன் இழை பின்னிக் கிடப்பதால் இழைப்புளிக்கு அடங்காது. சவுக்கு உலரும்போது வெடித்துக் கோணும். கழிக்கே அது உதவும். பனை நார்நாராய்ப் பிரியும்; தவிர, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று 2021-ம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதும் நினைவிலிருக்க வேண்டும். ஒன்று மாத்திரம் வியப்பானது. எல்லோரும் பழிக்கும் சீமைக் கருவேல் உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். ஒரு சாண் நீளத்தில் நல்ல கட்டை கிடைத்தால் மூலை முட்டுக்கு அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை.

எம்மரமானாலும் பச்சையாக வண்டியில் ஏறினால் வீண். கூரை வெயிலில் காய்ந்து கட்டை சுருங்கும்போது கழுந்து துளையில் ஆடத் தொடங்கும். பிறகு கதவு சரியாய்ச் சாத்தாது. ஓர் அங்குலக் கனத்திற்கு ஒரு வருஷம் உலரவேண்டும் என்ற சீமைக் கணக்கு இந்நாட்டு உஷ்ணத்திற்கு அதிகம். ஆனால் இங்கே ஆபத்து வேறுவிதமானது. சித்திரை வைகாசிக் காற்றில் பலகையின் முனைகள் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். அறுத்த அன்றே முனைகளில் மெழுகையோ தாரையோ பூசி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பலகைக்குப் பலகை ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை நேர் மேல் நேராக வைத்து, காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்கி, மேலே கல் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். வெளிறு நிறைந்த பலகைகளில் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைத் தடவினால் உளுவண்டு அணுகாது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்ற வழக்கத்தைப் பின்பற்றுவோர் பின்பற்றட்டும், அதனால் நஷ்டமில்லை. ஆனால் தேய்பிறையில் வெட்டிய மரத்தை ஈரத்தரையில் போட்டுவைத்தால் அது உளுக்கத்தான் செய்யும்.

உலர்ந்ததா என்று அறியத் தராசு ஒன்றே போதும். பலகையின் முனையிலிருந்து முக்காலடி தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து உடனே நிறுக்க வேண்டும். பிறகு அடுப்பருகே நன்றாய்ச் சூடேற்றி, எடை மேலும் குறையாமல் நின்ற பின் மறுபடியும் நிறுக்க வேண்டும். முதலில் 112 கிராம் இருந்து பின்பு 100 கிராமில் நின்றால் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு. கூரைக் கட்டைக்கு அவ்வளவே இருக்கலாம்; இருபது இருந்தால் மறுபடியும் அடுக்கில் வைக்க வேண்டியதே. ஆணிக்கும் ஒரு சோதனை உண்டு. மிச்சத் துண்டின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, அரை அங்குலத்திற்கு ஒன்றாகப் பத்துச் சிற்றாணிகளை அடித்துப் பார்த்தால், அம்மரம் கூரை ஓரத்திற்கு ஆகுமா ஆகாதா என்பது அந்த நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். தச்சரின் பேச்சையும் மரவாடிக்காரரின் பேச்சையும்விட அந்தப் பத்து ஆணிகளை நம்பலாம்.

பழைய கட்டை எவ்வளவு உளுத்திருந்தாலும் அதை எறிந்துவிடலாகாது. அதுவே புதிய கட்டைக்கு அச்சு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றினால் உடலின் வடிவமே தவறிப்போகும். கதவுகளைச் சாத்தி வைத்துக்கொண்டு ஒரு கட்டையை எடுத்து ஒரு கட்டையை இறக்குவதே அநுபவமுள்ளவர்களின் வழக்கம். மூலத்தைவிடக் கனமாய்ச் செய்தால் பலம் அதிகம் என்று நினைப்பதும் பிசகு. அப்படிச் செய்தால் தகடு தன்னிடத்தில் உட்காராது. இதில் சட்டமும் சம்பந்தப்படுகிறது. 2021-ம் வருஷத்தில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது வருஷத்திற்கு மேற்பட்டதும் வியாபாரத்தில் ஈடுபடாததுமான வண்டியைப் பழம்பெருமை வாய்ந்த வண்டி என்ற தனி வகையில் பதியலாம். ஆனால் அதன் அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் மாற்றப்படாமல் இருக்கவேண்டும். ஆகவே உளுத்த கட்டைக்குப் பதிலாக அதே அளவிலும் அமைப்பிலும் மரக்கட்டையையே வைப்பதுதான் பத்திரமான வழி. சுலபமென்று இரும்புக் குழாயைப் பற்றவைப்பவர்கள் பின்னால் வருந்த நேரலாம்.

ஒரு கூரைக்கு வேண்டியது சில கன அடி மரமே. பழைய வண்டிகளும் நாட்டில் எண்ணிக்கையில் அதிகமில்லை. இதை நம்பி ஒருவர் பணக்காரராகலாம் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் இவ்வேலைக்குத் தகுந்தபடி பொறுக்கி உலர்த்திய பலகையை வீணைக்காரர் வாங்குவார், கதவு ஜன்னல் செய்பவர் வாங்குவார், லாரிக்கும் பஸ்ஸுக்கும் உடல் கட்டும் நாமக்கல், கரூர்ப் பட்டறைகளிலும் அதைக் காட்டி விலை கேட்கலாம். நின்ற மரத்தைக் கண்மதிப்பாய் விற்பவருக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையும் இதில் உண்டு. 2014-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை, குடியானவர் தம் நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் உள்ள தடைகளை எளிதாக்க வேண்டும் என்று கூறுகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ் வேளாண்மைத் துறையினரே மரக்கன்றுகளை வழங்கிவருகிறார்கள். அக்கன்று மரமாகி வெட்டப்படும் நாளில் அது பட்டா நிலத்தில் நின்றதா, புறம்போக்கில் நின்றதா என்ற கேள்வி எழும். புறம்போக்கு மரத்தின் பாத்தியதை 2-சி கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பட்டா நிலத்து மரங்கள் அடங்கலில் காணவேண்டும். வாய்க்கால் கரைப் பூவரசில் இந்தத் தகராறு அடிக்கடி நேரக்கூடியது. மரம் லாரியில் ஏறிய பிறகு கணக்கைத் தேடுவதைவிட, பயிராய்வுக்குப் போகும் கிராம நிர்வாக அலுவலர் மரத்தையும் அப்போதே குறித்துக்கொள்வது இருதரப்பாருக்கும் நன்மை. தேக்கு, சந்தனம், ஈட்டி முதலியவற்றிற்கு வனத்துறையின் அனுமதி தேவை. வேறெந்த மரத்திற்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பதைக் கோடரி எடுக்குமுன் அத்துறையினரைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

உலர்த்தும் கொட்டகைக்குப் பெருஞ்செலவில்லை. கீற்றுக் கூரையும் நான்கு கால்களும் மேடான தரையும் இருந்தால் ஓர் ஊருக்கு ஒன்று போதும். நெல் காயவைக்கும் களத்தின் ஓரத்திலேயே அமைக்கலாம். அங்கே அடுக்கும் ஒவ்வொரு பலகையின் முனையிலும் மரத்தின் பெயரையும், வெட்டிய மாதத்தையும் வருஷத்தையும், நின்ற சர்வே நம்பரையும் பெயிண்டால் எழுதிவைக்க வேண்டும். தூரத்திலிருந்து மரம் தேடி வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.